முடிவு தெரிந்த கதையை எப்படி நடத்துவது?

மேல்நிலை வகுப்புக்கு ஆங்கிலத் துணைப்பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் பழகிப்போனது. கதையின் உயிர் கடைசிப் பத்தியில் வரும் திருப்பத்தில் இருக்கும். நாம் முதல் பக்கத்தில் நின்று, குரலை ஏற்றி இறக்கி, ஆர்வத்தைத் தூண்டிக்கொண்டிருப்போம். முதல் வரிசை மாணவி முந்தின நாளே கைடில் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு வந்திருப்பாள். "அவன் நெசமாவே அவங்க மகன்தான் சார்" என்பாள். வகுப்பு சிரிக்கும். நமக்கு மீதி நாற்பது நிமிடம் இருக்கும்.

பதினோராம் வகுப்பில் சாகி எழுதிய 'எ ஷாட் இன் த டார்க்' கதையை நடத்தியபோது எனக்கு நேர்ந்தது இதுதான். பல ஆண்டுகள் நானும் முடிவை ஒளித்து வைத்துத்தான் நடத்தினேன். கைடு வாங்காதே என்று திட்டியும் பார்த்தேன். பயனில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வழியை மாற்றினேன். முடிவை நானே முதலில் சொல்லிவிட்டேன்.

சாகியைப் பற்றிக் கொஞ்சம். இயற்பெயர் ஹெக்டர் ஹியூ மன்றோ. 1870இல் பர்மாவின் அக்யாபில் பிறந்தவர். அவருடைய தந்தை அங்கே காவல் துறை அதிகாரி. மன்றோ பெயர் பெற்றது சிறுகதையால் அல்ல, இலண்டன் நாளிதழ் ஒன்றில் எழுதிய அரசியல் நையாண்டியால். அமைச்சர்களையும் உறுப்பினர்களையும் கிண்டல் செய்து எழுதிய கை அது. முதல் உலகப் போரில் 1916இல் பிரான்சுப் போர்முனையில் உயிரிழந்தார். இதை வகுப்பில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாடக்கதையின் நாயகன் பிலிப் ஸ்லெதர்பி ஓர் அரசியல் ஆசைக்காரன். நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும், அதற்குச் செல்வாக்குள்ள ஓர் அம்மையாரின் தயவு வேண்டும். அவர் வீட்டு விருந்துக்குத்தான் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறான்.

பெட்டியில் ஓர் இளைஞன் ஏறுகிறான். பணப்பையை விட்டுவிட்டு வந்துவிட்டேன், கொஞ்சம் கடன் கொடுங்கள் என்கிறான். பேச்சுவாக்கில், தான் அந்த அம்மையாரின் மகன் என்கிறான். ஸ்லெதர்பி சோதித்துப் பார்க்கிறான். அம்மாவின் தலைமுடி நிறத்தை இளைஞன் ஒன்றாகச் சொல்கிறான். ஸ்லெதர்பி நேரில் கண்ட நிறம் வேறு. அகப்பட்டாய் மோசடிக்காரா என்று கை விரித்துவிடுகிறான். இறங்கிய பிறகுதான் தெரிகிறது, அம்மையார் அண்மையில்தான் முடியின் நிறத்தை மாற்றியிருக்கிறார். இளைஞன் சொன்னது உண்மை.

இதை ஐந்து நிமிடத்தில் தமிழில் சொல்லிவிட்டு, மாணவர்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து படியுங்கள். ஸ்லெதர்பி எந்த வரியில் முடிவுக்கு வந்துவிட்டான் என்று பாருங்கள், அந்த வரிக்குக் கீழே கோடு போடுங்கள் என்றேன். அன்று வகுப்பில் 43 பேர். எல்லோரும் முடி நிறம் வரும் வரியில்தான் கோடு போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பாதிப் பேர் அதற்கு வெகு முன்னாலேயே போட்டிருந்தார்கள்.

"பையைத் தொலைச்சிட்டேன்னு அவன் சொன்னப்பவே இவரு முடிவு பண்ணிட்டாரு சார். முடியைப் பத்திக் கேட்டது சும்மா" என்றாள் ஒருத்தி. இன்னொருவன், "கடன் கொடுத்திருந்தா அந்த அம்மா சந்தோசப்பட்டிருப்பாவ, எம்.பி. சீட்டும் கெடைச்சிருக்கும். கெட்டிக்காரன்னு காட்டப் போயி கெடுத்துக்கிட்டாரு" என்றான். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "முடி நெறம் மாறும்லா சார்? எங்க தாத்தா பொங்கலுக்குப் பொங்கல் டை அடிப்பாவ." சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. ஆனால் அந்தத் தாத்தாவைவிட நல்ல விமரிசனத்தை நான் எந்தக் கைடிலும் பார்த்ததில்லை. ஸ்லெதர்பி கண்ட சான்று பொய்யில்லை. அது மாறக்கூடியது என்று அவன் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரம் எனக்கு வேறொரு தலைமுடி நினைவுக்கு வந்தது. வகுப்பில் சொல்லவில்லை.

இந்த முறையில் ஒரு வசதி, மாணவர்கள் பாடத்தை இரண்டாம் முறை தாமாகவே படிக்கிறார்கள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. கதை முன்பே தெரிந்துவிட்டதால் தெரியாத சொல் பயமுறுத்துவதில்லை. கோடு போட வேண்டிய இடத்தைத் தேடிக் கண் ஓடுகிறது. இதே வகுப்புக்குரிய ஓ. ஹென்றியின் 'ஆஃப்டர் ட்வென்டி இயர்ஸ்' கதைக்கும் இது பொருந்தும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் மரியாதைராமன் கதைகளில் முயன்று பார்க்கலாம். தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு, 'ராமனுக்கு எப்போது தெரிந்திருக்கும்?' என்று கேட்டால் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திருப்பக் கதைகளை இலக்கியம் படித்தவர்கள் சற்றுக் குறைவாக மதிப்பதுண்டு. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் நான் ஜெஃப்ரி ஆர்ச்சரைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, அட்டையை மூடிக்கொண்டு படித்தவன். அவர் 1969இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனவர். அரசியல் சூழ்ச்சியை வைத்து நாவல்கள் எழுதிக் குவித்தவர். 2001இல் பொய்ச்சாட்சி வழக்கில் தாமே சிறைக்கும் போனார். அப்படி ஒரு முடிவை அவர் கதையில் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். பொழுதுபோக்குக் கதைதானே என்று இவற்றைத் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வாசகரை ஏமாற்ற வேண்டுமென்றால், அவர் எதை எளிதில் நம்புவார் என்று எழுதுகிறவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே பிள்ளைகள் மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தார்கள். அங்கே 'ரிமெம்பர் சீசர்' என்ற ஓரங்க நாடகம். எழுதியவர் பெயர் கார்டன் டேவியட் என்று போட்டிருக்கும். ஆணின் பெயர் போலத் தெரிந்தாலும் அவர் ஒரு பெண். ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸில் 1896இல் பிறந்த எலிசபெத் மெக்கின்டாஷ். நம் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி: அவர் பர்மிங்ஹாம் அருகே உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்து, பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவர். விளையாட்டுப் பாடவேளையைக் கடன் வாங்கித்தான் இந்த நாடகத்தை நடித்துப் பார்த்தோம். அந்தக் கடன் நியாயமானதே என்று எங்கள் பி.இ.டி. சாரிடம் வாதாடினேன். அவர் சிரித்தார், வேளையைத் திருப்பிக் கேட்கவும் செய்தார்.

ஜோசஃபின் டே என்ற புனைபெயரில் அவர் துப்பறியும் நாவல்களும் எழுதினார். 1951இல் வந்த 'த டாட்டர் ஆஃப் டைம்' நாவலில், காலொடிந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு காவல் ஆய்வாளர், மூன்றாம் ரிச்சர்டு மன்னர் உண்மையிலேயே தம் அண்ணன் மகன்களைக் கொன்றாரா என்று படுத்தபடியே விசாரிக்கிறார். வரலாற்றுப் பாடநூலில் எழுதியிருக்கிறதே என்பது அவருக்குச் சான்றாகப்படவில்லை. பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் 1990இல் வெளியிட்ட சிறந்த நாவல்கள் பட்டியலில் இதற்கே முதலிடம். அந்த மன்னரின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்ததைச் சொன்னால், வரலாற்றுப் பிரிவு மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நாடகத்துக்கு வருகிறேன். பதினேழாம் நூற்றாண்டு இலண்டன். வெஸ்டன் பிரபு பெரிய பதவியில் இருப்பவர். தம் சட்டைப் பையில் ஒரு சீட்டைக் காண்கிறார். சீசரை நினைவில் கொள் என்று எழுதியிருக்கிறது. ஜூலியஸ் சீசரைப் போலத் தம்மையும் கொல்லப் போகிறார்கள் என்று நடுங்கி, கதவையும் சன்னலையும் அடைக்கச் சொல்கிறார். வந்த பொருளையெல்லாம் சந்தேகிக்கிறார். கடைசியில் பார்த்தால், தோட்டக் கலைஞர் சீசர் என்பவரைச் சந்திக்க வேண்டும் என்று அவரே எழுதி வைத்த நினைவுச் சீட்டு அது.

வாசித்து முடித்ததும் செங்கோட்டையிலிருந்து பேருந்தில் வரும் மாணவி எழுந்தாள். "வாஞ்சிநாதன் பையிலயும் ஒரு லெட்டர் இருந்துச்சே சார்" என்றாள். உண்மைதான். 1911 ஜூன் 17இல் மணியாச்சி சந்திப்பில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்ட வாஞ்சியின் சட்டைப் பையில் ஒரு கடிதம் கிடைத்தது. அவள் சொல்ல வந்தது வேறு. "லெட்டர் இருந்தது சுட்டவர் பையில. ஆஷுக்கு யாரும் முன்கூட்டி எழுதலை. கொல்ல வாறவன் சீட்டு எழுதி வச்சிட்டா வருவான்? இத யோசிச்சிருந்தா வெஸ்டன் பயந்திருக்க மாட்டாரு." பிறகு அவர் ஏன் பயந்தார் என்று கேட்டேன். அவள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் சார்."

அப்போதுதான் அந்த வேறொரு தலைமுடியைப் பற்றிச் சொன்னேன்.

வேலைக்கு வந்த புதிதில், தென்காசிக்குக் கிழக்கே ஒரு பள்ளியில் இருந்தேன். ஜூன், ஜூலையில் ஒரு பையன் அடிக்கடி தாமதமாக வருவான். தலை ஈரம், கண் சிவப்பு, பையில் ஒரு துண்டு. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும்போது இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? "அருவியில் ஆட்டமா?" என்று கேட்டேன். "சாரல் சார்" என்றான். பள்ளியிலோ சுள்ளென்று வெயில். வெளியே பார் என்று வகுப்பு முன்னால் கேலி செய்தேன். நான்கு நாள் வராந்தாவில் நிறுத்தினேன்.

அந்த மாதம் உறவினர்களோடு ஒரு சனிக்கிழமை விடியலில் ஐந்தருவிக்குப் போனேன். வழியில் ஒரு டீக்கடை. மலையோரம் முழுக்கச் சாரல். பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவன் வந்தான். கேனின் மூடியைச் சுற்றி அந்தத் துண்டு. வீட்டு மாட்டுப் பாலைச் சீசனில் குற்றாலத்துக் கடைகளுக்குக் கொண்டுவந்தால் கூடுதல் விலை. கொடுத்துவிட்டு நனைந்தபடியே கிழக்கே மிதித்தால், தென்காசி தாண்டும்போது வெயில் வந்துவிடும். தலை காய்வதற்குள் பள்ளி வந்துவிடும். மேற்கிலிருந்து கணவாய் வழியாக வரும் சாரல் மலையடிவாரத்தில் பெய்து, சில கல் தொலைவில் ஓய்ந்துவிடும் என்பது இந்த ஊர்க்காரனான எனக்குத் தெரியாதா? "டீ குடிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கள்கிழமை அவனை உள்ளே வரச் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.

"அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா சார்?" என்றாள் செங்கோட்டைப் பெண்.

இல்லை என்றேன்.

அந்த வாரமே பழைய நண்பர்களிடம் விசாரித்து அவனுடைய எண்ணை வாங்கினேன். கோவையில் லேத் பட்டறையில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தான். "சார், அதுல ரெண்டு மூணு நாள் நெசமாவே அருவியில குளிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றான்.

மறுநாள் வகுப்பில் இதையும் சொன்னேன். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். தாத்தாவின் டையைப் பற்றிச் சொன்ன பையன் எழுந்து, "அப்போ நீங்க நிறுத்தி வச்சது சரியா, தப்பா சார்?" என்றான். கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதி, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். திங்கள்கிழமை 41 தாள்கள் வந்தன. இன்னும் எல்லாவற்றையும் திருத்தி முடிக்கவில்லை.