மடை திறந்தாலும் கடைமடைக்கு நீர் சேர வேண்டும்



திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை ரத்தக்கட்டி அடைப்பதே பெரும்பாலும் காரணம்.

கட்டியைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால், தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை எடுப்பார்கள். சிலருக்கு இதை 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம்.

"கட்டியை எடுத்தாச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அப்புறமும் அவருக்குக் கை வரலையே, ஏன் நர்சம்மா?"

நியாயமான கேள்வி. அதற்குள் மடிந்துபோன மூளை அணுக்கள் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு.

உங்கள் வயலை நினைத்துப் பாருங்கள். பெரிய வாய்க்காலில் விழுந்த மரத்தை எடுத்தாயிற்று. ஆனால் கிளை வாய்க்காலில் சேறும் செத்தையும் அடைத்துக் கிடந்தால் கடைமடைப் பயிருக்குத் தண்ணீர் எட்டுமா? மூளையிலும் அப்படித்தான். அங்கே தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் உள்ளன. ரத்தம் வராத நேரத்தில் அவற்றின் உட்சுவர் வீங்கி வழி குறுகுகிறது. கட்டியின் துணுக்குகளும் வெள்ளை அணுக்களும் அங்கே சிக்கிக்கொள்கின்றன. பெரிய குழாய் திறந்தும் அவ்விடத்துக்கு ரத்தம் சேர்வதில்லை. முயல்களை வைத்து நடந்த சோதனையில் 1968-லேயே இது தெரியவந்தது. சிலருக்கு நலிந்த நுண்குழாய்கள் கசிந்து, மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ ஏற்படும்.

இதற்கு நாம் செய்ய வேண்டியவை:

1. அடைப்பு நீடிக்க நீடிக்க நுண்குழாய்களும் கெடும். உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று சொல்லுங்கள். புறா ரத்தம் தடவி நேரத்தைப் போக்காதீர்கள். வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றாதீர்கள், புரையேறும்.

2. சிகிச்சைக்குப் பின் கடும் தலைவலி, வாந்தி, மயக்கம், கை கால் மேலும் தளர்தல் கண்டால் அக்கணமே நர்சிடம் சொல்லுங்கள்.

3. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நுண்குழாய்களுக்கு எதிரி. "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். பீடி, சாராயம் வேண்டாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகளும் இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வரும்.

4. கை கால் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் அதிகம். அதற்குப் பிறகும் தேறலாம். மனம் தளர வேண்டாம்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு வாய் கோணினால் மனைவி ஊரையே கூட்டுவாள். அவளுக்கு வந்தால் "வேலை செஞ்ச அசதி, படுத்தா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் மடியும். அவளுக்கும் அதே நேரக் கணக்குத்தான்.

நேரத்தைக் காப்போம்! மூளையைக் காப்போம்!