உலோகக் கிளாரினெட்டின் கெட்ட பெயர்

உலோகக் கிளாரினெட் என்றதும் முகம் சுளிக்கும் வாத்தியக்காரர்கள் உண்டு. தகரச் சத்தம் என்பார்கள். அந்தப் பெயர் அமெரிக்காவில் வந்தது. 1920களிலும் 30களிலும் அங்கே பள்ளி பேண்டு குழுக்கள் பெருகின. வெயிலிலும் பனியிலும் அணிவகுக்கும் பிள்ளைகள் கையில் மரக் குழல் வெடித்துவிடும், உலோகம் வெடிக்காது. மலிவான உலோகக் குழல்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. இன்று பழைய சாமான்களோடு கிடைப்பவை பெரும்பாலும் அவைதான்.

அதே காலத்தில் உயர்ந்த ரகமும் இருந்தது. பாஸ்டனில் கண்டி-பெட்டோனி கம்பெனி செய்த சில்வா-பெட் தேர்ந்த கலைஞர்களை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. புல்லாங்குழலுக்குப் பேர்போன அதே ஊர் ஹேன்ஸ் நிறுவனம் இரட்டைச் சுவர் கொண்ட வெள்ளிக் கிளாரினெட்டையே உருவாக்கியது. இரு சுவர்களுக்கும் நடுவே சூடான மூச்சை ஊதி, வாசிக்கும் முன்பே குழலைச் சூடேற்றிக்கொள்ளலாம். குளிர்ந்த குழலில் சுருதி இறங்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

வாங்கும் முன் உடலில் உள்ள முத்திரையைத் தேடுங்கள். 'எல்.பி.' என்றால் இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கு ஒத்துவரும். 'எச்.பி.' என்றால் 457 அளவில் நிற்கும் பழைய உயர் சுருதி. எவ்வளவு செலவழித்துச் சரிசெய்தாலும் அது இன்றைய குழுவோடு சேராது.

சுத்தம் செய்வதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். முரட்டு பாலிஷ் போட்டுத் தேய்த்தால் கறுப்போடு வெள்ளி முலாமும் போய்விடும். மணி போன்ற அடிப்பகுதியில் ஸ்பிரிங் கிடையாது. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் சேர்த்து அதை மூழ்கவைத்தால் கறுப்பு தானே இறங்கும். நடு உடலை அப்படி நனைக்கக் கூடாது, எஃகு ஊசி ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்கும். அதற்கு மெல்லிய துணியே போதும்.

நெருப்பிலும் கவனம் வேண்டும். ஒருமுறை துளையை மூடும் பேட் சரியாக உட்காரட்டும் என்று கீயின் கிண்ணத்தைச் சூடாக்கினேன். சுடர் சற்று விலகியது. பக்கத்தில் கீயைத் தாங்கியிருந்த சிறு தூண் மெதுவாகச் சாய்ந்தது. அதைப் பிடித்திருந்த ஈய சாலிடர் 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஒரு தூணை மறுபடி நேராக நிறுத்த அரை நாள் போனது. அன்றிலிருந்து அந்த வேலைக்குச் சிறு சுடர்தான், பக்கத்தில் ஈரத்துணி கட்டாயம்.

ஒரு குழலை இன்னொன்றோடு ஒப்பிடுவது கடைசி வேலை. அதற்கு முன் ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாத் துளைகளையும் மூடி, அடிவாயை முழங்காலில் அழுத்தி, மேல்வாயில் உறிஞ்சிப் பாருங்கள். வெற்றிடம் சில நொடி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சிகரெட் தாள் கீற்றை ஒவ்வொரு பேட்டுக்கும் அடியில் வைத்து இழுத்தால் ஒழுகும் இடம் தெரியும். கிண்ணத்தின் ஆழத்துக்கு மீறிய தடித்த பேட் போட்டால் பின்பக்கம் முதலில் தட்டும், முன்பக்கம் திறந்தே இருக்கும். நான் பார்த்த ஒழுகல்களில் பாதி இந்த வகைதான்.

அப்படி ஒழுகல் அடைத்த ஒரு பள்ளிக் குழலையும் ஒரு சில்வா-பெட்டையும் ஒரே மௌத்பீஸ், ஒரே ரீட் வைத்து வாசித்தேன். தகரச் சத்தம் இரண்டிலும் இல்லை. கீழ் ஸ்தாயியில் இரண்டும் நெருங்கியே ஒலித்தன. நடு ஸ்தாயியின் சுருதிச் சுத்தத்தில்தான் சில்வா-பெட் முந்தியது. இதில் வியப்பில்லை. குழலின் சுவர் எந்தப் பொருளால் ஆனது என்பது கிளாரினெட்டின் நிலையான நாதத்தைக் கேட்கும்படி மாற்றுவதில்லை என்று இயற்பியலாளர் ஜான் பேக்கஸ் 1964-இலேயே சோதித்து எழுதினார். உட்துளையின் வடிவமும் துளைகளின் இடமும்தான் கணக்கு.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். முதலில் ஒழுகலை அடைத்து ஒருமுறை ஊதிப் பாருங்கள்.