ஏறுதலும் இறங்குதலும்

நுழையுமுன்

மலையுச்சியில் கொடியுடன் நிற்போரின் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த உச்சியை அடையும் திறன் ஒரே நாளில் வாய்ப்பதன்று. அது படிப்படியாகக் கற்கும் கல்வி. அக்கல்வியின் படிகளை இப்பாடம் விளக்குகிறது.

மலையேற்றத்திற்கும் ஒரு பள்ளி

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹில்லாரியும் எவரெஸ்ட் உச்சியை முதன்முதலாக அடைந்தனர். அடுத்த ஆண்டே டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. டென்சிங் அதன் முதல் களப்பயிற்சி இயக்குநரானார். 1965இல் உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தோன்றியது. இவற்றில் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம் நடைபெறும். முன்பு மலையேறிப் பழகாதவரும் உடல்நலச் சான்றுடன் இதில் சேரலாம்.

நடத்தலே முதற்பாடம்

மலையேற விரும்புபவர் முதலில் கற்க வேண்டியது நடத்தலே. சமவெளியில் வாழும் மாணவர் நாள்தோறும் நடப்பதையும் மாடிப்படி ஏறி இறங்குவதையும் வழக்கமாக்கிக் கொள்ளலாம். புதிய காலணியைச் சில வாரங்கள் அணிந்து, காலுக்குப் பழக்கிய பின்னரே மலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இல்லையேல் குதிகாலில் கொப்புளம் தோன்றி நடையை முடக்கிவிடும். மலைப்பாதையில் விரைவு பெருமையன்று. உடன் வருபவரிடம் பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகமே ஏற்ற வேகம். குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாகும்.

முதுகுப்பையை அடுக்குவதற்கும் முறை உண்டு. படுக்கைப்பை அடியில் இருக்கும். கனமான பொருள்கள் நடுவில் முதுகை ஒட்டி அமையும். மழையங்கியும் முதலுதவிப் பொருள்களும் எளிதில் எடுக்கும்படி மேலே இருக்கும். பையின் இடைப்பட்டையை இறுக்கிக் கட்டினால், சுமையின் பெரும்பகுதியை இடுப்பு தாங்கும், தோள் வலிக்காது. பருத்தியாடை வியர்வையின் ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அவ்வீரம் குளிரில் உடல்வெப்பத்தைப் பறிக்கும். எனவே விரைவில் உலரும் உட்சட்டை, அதன்மேல் கம்பளியாடை, அதன்மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி என மூன்றடுக்காக அணிவர்.

பாறையும் பனியும்

பாறைப் பயிற்சி கயிற்று முடிச்சுகளிலிருந்து தொடங்கும். கயிற்றை இடுப்புக் கச்சையுடன் பிணைக்க உதவுவது எட்டு முடிச்சு. 8 என்னும் எண்ணின் வடிவில் அமைவதால் அதற்கு அப்பெயர். போட்ட முடிச்சைத் தாமும் சரிபார்த்து, தோழரிடமும் காட்ட வேண்டும். பாறையில் ஏறும்போது இரு கை, இரு கால் ஆகிய நான்கனுள் மூன்று எப்போதும் பாறையைப் பற்றியிருக்க வேண்டும். ஒன்றை மட்டுமே நகர்த்த வேண்டும். ஒருவர் ஏறும்போது மற்றொருவர் கீழே நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். ஏறுபவர் வழுக்கினால் அக்கயிறு அவரைக் காக்கும். தம் கவனக்குறைவு பிறர் உயிருக்குக் கேடாகும் என்பதைப் பயிற்சி பெறுவோர் இங்கே உணர்கின்றனர்.

அடுத்தது பனியாற்றுப் பயிற்சி. காலணியில் முள்தகடு பூட்டி, பனிக்கோடரி ஏந்தி நடப்பர். வழுக்கினால் கோடரியின் முனையைப் பனியில் அழுத்திச் சறுக்கலை நிறுத்தும் முறையை, ஆபத்தற்ற சரிவில் பலமுறை பழகுவர்.

மெலிந்த காற்று

உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியே. எனவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். இதற்கு உடல் பழகச் சில நாள்கள் தேவை. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு கொள்வதும் நல்ல நெறி. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் தோன்றினால் மறைக்காமல் குழுத்தலைவரிடம் கூற வேண்டும். அவை தீரும்வரை மேலே ஏறலாகாது. மிகுந்தால் உடனே கீழே இறங்க வேண்டும்.

திரும்பும் துணிவு

1960இல் இந்தியக் குழு ஒன்று எவரெஸ்ட் ஏறச் சென்றது. சோனம் கியாட்சோ உள்ளிட்ட மூவர் உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே வரை சென்றனர். கடுங்காற்று வீசியதால் திரும்பினர். 1962இல் சென்ற இரண்டாம் குழுவிலும் அவர் இருந்தார். எம்.எஸ். கோலி, ஹரி டாங் ஆகியோருடன் முன்னினும் அருகில் சென்றார். அம்முறையும் வானிலை தடுத்தது, மூவரும் இறங்கினர். உச்சி கண்ணெதிரே இருக்கத் திரும்புவது எளிதன்று. எனினும், மேலே செல்லும் ஒவ்வோர் அடிக்கும் இறங்கி வர ஓர் அடி வலிமை மிஞ்சியிருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1965இல் கோலியின் தலைமையில் மூன்றாம் குழு சென்றது. ஒன்பது பேர் உச்சியை அடைந்தனர். சோனம் கியாட்சோ அவர்களுள் ஒருவர். இருமுறை திரும்பியதால்தான் மூன்றாம் முறை ஏற அவர் உயிருடன் இருந்தார். மலை எங்கும் போய்விடுவதில்லை. மீண்டும் ஏற மனிதன் இருக்க வேண்டும்.

சொற்பொருள்

பனியாறு – மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்
முள்தகடு – பனியில் வழுக்காதிருக்கக் காலணியில் பூட்டும் கூர்முனைக் கருவி
கச்சை – இடுப்பில் கட்டும் பட்டை
நெறி – முறை, வழி

பயிற்சி

1. பருத்தியாடை மலைக்கு ஏற்றதன்று. ஏன்?
2. பாறையேறும்போது கை கால்களை எவ்வாறு பயன்படுத்த வேண்டும்?
3. 'திரும்பி வருதல் தோல்வியன்று.' இக்கருத்தைச் சோனம் கியாட்சோவின் வாழ்க்கை கொண்டு ஐந்து வரிகளில் விளக்குக.
4. வெற்பு, பொருப்பு, குன்று ஆகியவை மலையைக் குறிக்கும் சொற்கள். இவற்றைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.
5. முதுகுப்பையை அடுக்கும் முறையை வீட்டில் உள்ளோரிடம் தமிழில் விளக்கிக் கூறுக.