அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருபவர்

கேள்வி: மறதி நோயுள்ள அம்மாவுக்கு ஏஜென்சி மூலம் ஆள் வைத்திருக்கிறோம். கவனிப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரே ஆள் தொடர்ந்து வருகிறாரா என்று முதலில் பாருங்கள். முகம் மாறிக்கொண்டே இருந்தால், குளிப்பாட்ட வருபவர்கூட அம்மாவுக்கு யாரோ அந்நியர்தான்; அம்மா அவரைத் தள்ளுவார், திட்டுவார். அதைப் பிடிவாதம் என்று சொல்பவருக்கு இந்த நோயில் பயிற்சி போதாது. பொழுது சாயும் நேரத்தில், சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று அம்மா கிளம்பினால் பார்த்துக்கொள்பவர் என்ன செய்கிறார்? மறுத்துப் பேசாமல், பேச்சுக்கொடுத்தபடி கூடவே நாலடி நடந்தால் அவரை விட்டுவிடாதீர்கள், நல்ல ஆள். அம்மா பகலெல்லாம் தூங்கி வழிந்தால் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் சொல்லாமல் தூக்க மருந்து கொடுப்பது ஆபத்து, கீழே விழுந்து எலும்பு முறியலாம். அடி, மிரட்டல் என்று சந்தேகம் வந்தால் தயங்காமல் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள்.