ஸ்பானிஷில் 'உட்கார்ந்துக்கோ'

ஸ்பானிஷ் படிக்கும் சேலம், நாமக்கல் பிள்ளைகள் கவனிக்க: 'சியென்தாத்தே' என்று கேட்டால் நம் 'உட்காராதே' நினைவில் எழுந்து நிற்க வேண்டாம், உட்காரத்தான் சொல்கிறார்கள். நம் 'போட்டுக்கோ'வில் 'கோ' ஒட்டுவதுபோல அங்கே ஏவலின் கடைசியில் 'தே' ஒட்டும்.

தொல்லை தருவது வினையின் நடுப்பகுதிதான். 'சியென்தாத்தே'யின் மூலவினையான 'சென்தார்சே'யில் உள்ள 'எ' ஏவலில் 'இயெ' ஆகும். 'அகோஸ்தார்சே'யின் 'ஒ' 'உவெ' ஆகி, 'அகுவெஸ்தாத்தே': படுத்துக்கோ. 'போனேர்சே' மொட்டையாகி 'போன்தே': போட்டுக்கோ. 'ஈர்சே' அடையாளமே மாறி 'பேத்தே': கிளம்பு. இதை மட்டும் உருப்போடத்தான் வேண்டும்.

மரியாதை தர வேண்டியவரிடம் 'தே' வேண்டாம். 'சியென்தேசே', அதாவது உட்காருங்க. விலக்கும்போது 'தே' வினைக்கு முன்னால் தாவிவிடும்: 'நோ தே சியென்தெஸ்', உட்காராதே. எழுதும்போது 'சியென்தாத்தே'யில் 'சியென்' பகுதியின் உயிரெழுத்து மேல் சாய்கோடு அவசியம்.