கோ புரோகிராமை சர்வரில் ஏற்றும் முன்

கேள்வி: கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறேன். கோ ஆட்டத்துக்கு பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். 9க்கு 9 பலகையில் சுமாராக ஆடும். டெர்மினலில் நானே கமாண்டு அடித்தால் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. கேஜிஎஸ் என்ற இணைய கோ சர்வரில் இணைத்தாலோ முதல் காயையே வைக்காமல் நேரம் தீர்ந்து தோற்கிறது. நண்பரின் குனு கோ புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன், அது தடங்கலின்றி ஆடியது. இன்னொன்று: என் புரோகிராம் ஆட்ட முடிவில் செத்த காய்களை எப்படிச் சொல்ல வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. பேசாமல் இதை மூட்டை கட்டிவிட்டு, ஏற்கெனவே உள்ள கடாகோ என்ற வலுவான கோ புரோகிராமை ஓட்டிவிடலாமா ஐயா?

பதில்: மூட்டை கட்ட வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் புரோகிராமின் ஆட்டத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அது பேசும் விதத்தில்தான் குறை.

கேஜிஎஸ் உங்கள் புரோகிராமுடன் நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் கேஜிஎஸ்-ஜிடிபி என்ற சிறிய ஜாவா புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. சர்வரில் நடப்பதை அது, கோ புரோகிராம்களின் பொது மொழியான ஜிடிபியின் கமாண்டுகளாக மாற்றி உங்கள் புரோகிராமின் உள்ளீட்டில் எழுதும், வெளியீட்டில் வரும் பதிலைப் படித்து சர்வருக்கு அனுப்பும். டெர்மினலில் ஓடும்போது பைத்தான் ஒவ்வொரு வரியையும் உடனே வெளியே தள்ளிவிடும். வெளியீடு பைப் வழியாக இன்னொரு புரோகிராமுக்குப் போகிறது என்றால், பஃபர் நிரம்பும்வரை பதிலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். உங்கள் புரோகிராம் யோசித்து, காயின் இடத்தையும் சொல்லிவிட்டது. அந்தச் சொல் வெளியே வரவில்லை, கடிகாரம் மட்டும் ஓடுகிறது. ஒவ்வொரு பிரின்ட்டிலும் ஃப்ளஷ் செய்யுங்கள், அல்லது பைத்தானை பஃபர் இல்லாமல் ஓட்டுங்கள். பதில் சமக்குறியில் தொடங்கி, ஒரு வெற்று வரியோடு முடிய வேண்டும். அந்த வெற்று வரி வராதவரை எதிர்முனை காத்துக்கொண்டே இருக்கும்.

இதோடு இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். பிழை தேடுவதற்காக நீங்கள் அச்சிடும் வரிகள் ஒன்றுகூட அதே வெளியீட்டில் கலக்கக் கூடாது, அவற்றை ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்புங்கள். அடுத்தது பலகையின் எழுத்துகள். ஜிடிபியில் எச்-க்கு அடுத்து ஜே வரும், ஐ கிடையாது. 9க்கு 9 பலகையில் கடைசி வரிசை ஜே. இதைக் கவனிக்காத புரோகிராம் வலது ஓரத்தில் காய் வைக்கும்போது மட்டும் தடுமாறும், காரணம் தேடியே ஒரு இரவு போய்விடும்.

நேர விஷயம் சுருக்கமாக. ஜிடிபி வரைவு 2002ஆம் ஆண்டினது. அதிலுள்ள நேரக் கமாண்டுக்கு கனடிய முறைதான் தெரியும்: இவ்வளவு நேரத்துக்குள் இத்தனை காய். ஜப்பானிய முறையான பியோயோமியை அதில் சொல்ல வழியில்லை என்பதால்தான் கேஜிஎஸ் தனக்கென்று ஒரு நேரக் கமாண்டைச் சேர்த்துக்கொண்டது. அதை ஆதரியுங்கள். கணக்கிட்டு வந்த நேரத்திலும் ஓரிரு விநாடியை இணையத் தாமதத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட செத்த காய். புதிதாக பாட் (சர்வரில் தானாக ஆடும் புரோகிராம்) எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். இருவரும் பாஸ் சொன்னதும் கேஜிஎஸ் உங்கள் புரோகிராமிடம் செத்த காய்களின் பட்டியலைக் கேட்கும். அதற்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். இறுதி நிலையிலிருந்து சில நூறு ஆட்டங்களைத் தோராயமாக ஆடவிடுங்கள். ஒரு காய் இருந்த இடம் முக்கால்வாசி ஆட்டங்களில் எதிரியின் கைக்குப் போனால் அது செத்த காய். மான்டி கார்லோ முறையில் எழுதியிருந்தால் இதற்கான கோடு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. எதிராளி உங்கள் பட்டியலை ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆட்டம் மீண்டும் தொடரும். அப்போது சுத்தம் செய்வதற்கென்றே தனிக் கமாண்டு வரும். அந்தக் கட்டத்தில் செத்தவற்றையெல்லாம் உண்மையாகவே பிடித்து எடுக்கும்வரை பாஸ் சொல்லக் கூடாது.

அதற்காக எப்போதுமே எல்லாவற்றையும் பிடித்துவிட்டே பாஸ் சொல்லும்படி எழுதிவிடாதீர்கள். புரோகிராம்கள் தங்களுக்குள் மட்டும் மோதும் சிகாஸ் என்ற சர்வரை டான் டெய்லி என்பவர் உருவாக்கினார். அங்கே பலகையில் மிஞ்சி நிற்கும் காய் எல்லாமே உயிருள்ளது என்றுதான் எண்ணப்படும், ஆகவே கடைசிக் காய்வரை பிடிப்பது அங்கே சரி. அதே பழக்கத்தோடு மனிதர்களிடம் வந்தால், முடிந்துபோன ஆட்டத்தில் அவர்கள் இன்னும் முப்பது முறை பாஸ் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சீன விதியில் இதனால் புள்ளிக் கணக்கு மாறாது. ஜப்பானிய விதியிலோ எதிராளி பாஸ் சொல்லச் சொல்ல, சொந்த இடத்தில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு காயும் ஒரு புள்ளியைத் தின்னும். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆட உட்கார்ந்தவரின் பொறுமையைச் சோதிக்க நமக்கு உரிமை இல்லை. பிழைகளையெல்லாம் முதலில் சிகாஸிலோ, உங்கள் கணினியிலேயே குனு கோவோடு மோதவிட்டோ தீர்த்துக்கொண்டு, அப்புறம் மனிதர்களிடம் வாருங்கள்.

அக்கவுண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். உங்கள் சொந்த அக்கவுண்டில் புரோகிராமை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அதற்கென்று தனி அக்கவுண்ட் எடுத்து, அது பாட் என்பதை விவரக் குறிப்பில் எழுதுங்கள். ஓஜிஎஸ் என்ற இன்னொரு கோ சர்வரில் இது கட்டாய நடைமுறை: புது அக்கவுண்ட் தொடங்கி, அதை பாட் என்று குறிக்கும்படி நிர்வாகியிடம் கேட்க வேண்டும். அதன் பிறகே ஏபிஐ கீ கிடைக்கும், ஜிடிபி-டு-ஓஜிஎஸ் என்ற இணைப்பை வைத்து ஓட்டலாம். அடையாளத்தை மறைத்து ஆடியதும் உண்டு: 2016 டிசம்பர் கடைசியிலும் 2017 ஜனவரித் தொடக்கத்திலும் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாகோ புரோகிராம் ‘மாஸ்டர்’ என்ற பெயரில் டைஜெம், ஃபாக்ஸ் சர்வர்களில் முன்னணி ஆட்டக்காரர்களோடு ஆடி, தொடர்ந்து 60 ஆட்டங்கள் வென்றது. எதிரே இருப்பது யார் என்பது டீப்மைண்ட் கடைசியில் அறிவித்த பிறகுதான் உறுதியானது. அந்த ஆட்டங்களிலிருந்து கோ உலகம் நிறையக் கற்றுக்கொண்டது. இருந்தும் அந்த ஒளிவை முன்மாதிரியாகக் கொள்ள மாட்டேன். யாரோடு மோதுகிறோம் என்று தெரிந்துகொண்டு உட்கார எந்த ஆட்டக்காரருக்கும் உரிமை உண்டு.

கடாகோவை ஓட்டலாமா என்றால், தாராளமாக ஓட்டலாம். ஜிடிபி பேசும், கேஜிஎஸ் சேர்த்த நேரக் கமாண்டும் அதற்குப் புரியும். ஆனால் முழு பலத்தில் விட்டால் வருகிறவர்கள் எல்லோரும் தோற்றுத்தான் போவார்கள். 2024இல் கடாகோவோடு மனித ஆட்டங்களைப் பார்த்துப் பயின்ற ஒரு மாடலும் வெளியானது. 5 கியூ, 10 கியூ என்று நிலையைக் குறித்துக் கொடுத்தால் அந்த நிலை மனிதர் ஆடுவது போலவே ஆடும், அவர்கள் செய்யும் தவறுகளையும் செய்யும். புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு துணை வேண்டும் என்று நினைத்தால் இரண்டாவது அக்கவுண்டில் இதைப் போடுங்கள். முதல் அக்கவுண்ட் நீங்கள் எழுதிய புரோகிராமுக்கே இருக்கட்டும். ஃப்ளஷைச் சரிசெய்து, தரவரிசையில் சேராத ஆட்டங்களாக முதலில் ஆடவிட்டு, அந்த நேரத்தில் நீங்களும் கூடவே உட்கார்ந்து லாகைப் பாருங்கள்.