வீணாகும் தேங்காய்த் தண்ணீரில் வினாகிரி

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிப் பனையிலே கட்டினால் இறங்குவது கருப்பநீர். பூசாமல் கட்டினால் கள்ளு. மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. வேறுபாட்டைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள். சுண்ணாம்பு அவற்றை அடக்கி வைக்கிறது. அது இல்லாத முட்டியில் அவை சீனியை உண்டு பெருகுகின்றன. உயிரியல் தொழினுட்பம் என்ற பெரிய சொல்லைக் கேட்டு நாம் பின்வாங்க வேண்டியதில்லை. நுண்ணங்கிகளை வேலைக்கு அமர்த்தி, இயற்கையில் கிடைப்பதை வேறொரு பயனுள்ள பொருளாக மாற்றுவதும் அதற்குள் அடங்கும். பாலுக்கு உறை குத்துவதும் தோசை மாவைப் புளிக்க வைப்பதும் அந்த வகையே.

காணியை விட்டு வந்த குடும்பங்களிடம் உழைப்பும் அனுபவமும் இருக்கின்றன, நிலம்தான் இல்லை. நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் நிலம் வேண்டும். நுண்ணங்கிக்கோ ஒரு பானையும் நிழலும் சுத்தமும் போதும். ஆகவே இந்தப் பாடத்துக்குத் தேங்காய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டோம். பொதுச் சமையல் நடக்கும் இடங்களிலும், கொப்பரா உடைக்கும் கொட்டில்களிலும், புத்தளம், குருநாகல் பக்கத்துத் தேங்காய்த் துருவல் ஆலைகளிலும் முற்றிய தேங்காயின் தண்ணீர் நிலத்தில் ஊற்றப்படுவதுண்டு.

வினாகிரி உண்டாவது இரண்டு படிகளில். முதலில் மதுவம், அதாவது பாணுக்குப் போடும் ஈஸ்ற், சீனியை அற்ககோல் ஆக்குகிறது. பிறகு ஒருவகைப் பற்றீரியா அந்த அற்ககோலை அசற்றிக்கமிலம் ஆக்குகிறது. இது உயிருள்ளவை செய்யும் வேலை என்பதை 1860களில் லூயி பாஸ்ரர் ஆராய்ந்து காட்டினார். முதற்படிக்குக் காற்றுத் தேவையில்லை. இரண்டாவது படி காற்றில்லாமல் நடவாது. இதை நாம் பட்டுத்தான் படித்தோம். முதல் தடவை ஒடுங்கிய கழுத்துப் போத்தல்களில் வாய்வரை நிரப்பி வைத்தோம். இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோதும் கள்ளு மணம்தான் வந்தது. அடுத்த தடவை அகன்ற வாயுள்ள சாடியில் பாதியளவு ஊற்றி வைத்தோம், புளித்தது.

100 கிராம் சீனியிலிருந்து ஏறக்குறைய 50 கிராம் அற்ககோலும், அதிலிருந்து மிகக் கூடினால் 65 கிராம் அமிலமும் கிடைக்கும். கைவேலையில் இதற்கும் குறையும். நல்ல வினாகிரியில் நூற்றுக்கு 4 பங்குக்குக் குறையாமல் அமிலம் இருக்க வேண்டும். முற்றிய தேங்காய்த் தண்ணீரில் உள்ள சீனியோ நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். அதை அப்படியே புளிக்க விட்டால் பழுதாகிவிடும். சீனி சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

அன்றன்று உடைத்த தேங்காயின் தண்ணீர் 10 லீற்றரைத் துணியில் வடித்து, 1.2 கிலோ சீனி கரைத்து, பதினைந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். கைச்சூடு அளவுக்கு ஆறியபின் ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ற்றை இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊற்றி, வாயைச் சுத்தமான துணியால் கட்டுங்கள். இறுக மூடக்கூடாது, உள்ளே வாயு உண்டாகும், போத்தல் வெடித்த வீடுகளும் உண்டு. ஐந்து முதல் ஏழு நாளில் நுரைத்தல் அடங்கும். அடியில் உள்ள மண்டியைக் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்தெடுங்கள். அதில் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில், சூடாக்கப்படாத இயற்கைக் கள்ளு வினாகிரியைச் சேருங்கள். இதைத் 'தாய்' என்கிறோம். பாலுக்கு உறைமோர் போல. கடைகளில் விற்கும் செயற்கை வினாகிரி தண்ணீர் கலந்த அமிலமே. அதில் உயிர் இல்லாததால் தாயாக உதவாது.

சாடியைத் துணியால் கட்டி நிழலில் அசைக்காமல் வையுங்கள். பழ ஈ நுழையாதபடி துணி நெருக்கமாக இருக்கட்டும். சில நாளில் மேலே வழுவழுப்பான ஆடை படரும். பழுதாகிவிட்டது என்று அதை எறிந்துவிடாதீர்கள், வேலையாட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். (பிலிப்பைன்ஸ் நாட்டில் இதே இனப் பற்றீரியாவைக் கொண்டு தேங்காய்த் தண்ணீரில் தடித்த ஆடை வளர்த்து, பாகிலிட்டு இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள்.) பச்சை, கறுப்பு நிறப் பூஞ்சணம் பிடித்தால் மட்டும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஒரு மாதம் முதல் இரண்டு மாதத்தில் கள்ளு மணம் போய்க் காரமான புளிப்பு வரும்.

அதற்குமேல் திறந்து வைத்திருப்பதும் பிழை. அற்ககோல் தீர்ந்தபின் அந்தப் பற்றீரியாக்கள் தாம் செய்த அமிலத்தையே உண்ணத் தொடங்கும். ஆகவே வடித்து, போத்தலின் கழுத்துவரை நிரப்பி, 65 பாகை வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்தி, சூட்டோடு மூடுங்கள்.

பாத்திரம் மண், கண்ணாடி, அல்லது உணவுக்கென்றே செய்த பிளாஸ்ரிக் ஆக இருக்கட்டும். அமிலம் அலுமினியத்தையும் இரும்பையும் பித்தளையையும் அரிக்கும். கிருமிநாசினி வந்த கலனை எத்தனை தரம் கழுவினாலும் இதற்கு எடுக்கவே கூடாது. முகாம்களில் தண்ணீர் எடுக்கவே அப்படிப்பட்ட கலன்கள் புழங்குவதைக் கண்டிருக்கிறோம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறோம்.

முதற் தடவை வீட்டுச் சமையலுக்கு மட்டும் செய்து பாருங்கள். அமிலத்தின் அளவை நாக்கு சொல்லாது. ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கும்வரை, நாட்பட வைக்கும் ஊறுகாய்க்கும் மீன் அச்சாறுக்கும் இதை நம்ப வேண்டாம். விற்க எண்ணினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்னரே பேசுங்கள். இடையில் அற்ககோல் உண்டாவதால் அனுமதி வேண்டுமா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறிந்து தொடங்குவதே பாதுகாப்பு. காசு கொடுத்து வாங்குவதில் பெரியது சீனிதான். சீனி, விறகு, போத்தல் மூன்றின் செலவையும் கொப்பியில் எழுதிப் பார்த்தபின் விலை போடுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து செய்தால் விறகு மிச்சம்.

ஒவ்வொரு தடவையும் வடிக்கும்போது, சூடாக்காமல் ஒரு போத்தல் தாயை எடுத்துத் துணி கட்டி வையுங்கள். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மாதம் ஒருமுறை நுரைத்து அடங்கிய தெளிவில் ஒரு கோப்பை அதில் ஊற்றினால் அது உயிரோடு இருக்கும். வேறிடம் மாற நேர்ந்தாலும் அந்தப் போத்தலைக் கையோடு கொண்டு போகலாம்.